பின் சக்கர வீல் சிலிண்டர் கசிகிறது, வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி இதுதான்: பின்பக்கம் டிரம் பிரேக் உள்ள பழைய கார். பிரேக் ஆயில் மெல்ல மெல்லக் குறைகிறது. வலது பின் டயரின் உட்பக்கம் ஈரமாக இருக்கிறது. வீல் சிலிண்டர் (ஆயில் அழுத்தத்தால் டிரம்முக்குள் பிரேக்கை விரிக்கும் சின்ன உருளை) போய்விட்டது என்கிறார் மெக்கானிக். ஓரளவு ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் இதை வீட்டில் மாற்ற முடியுமா? ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் போதுமா?

முடியும். டயர் கழற்றி, எஞ்சின் ஆயில் மாற்றிப் பழகியவருக்கு இது அரை நாள் வேலை. சிலிண்டரைப் பிடித்திருப்பது ஒன்றோ இரண்டோ சின்ன போல்ட்டுகள்தான், சில கார்களில் வெறும் ஒரு கிளிப். அதைக் கழற்ற ஐந்து நிமிடம்கூட ஆகாது. நாள் முழுவதையும் விழுங்கக்கூடியது அதன் முதுகில் இறங்கும் பிரேக் பைப்பின் நட்டு. இந்த வேலையில் மாட்டிக்கொண்டவர்கள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் மாட்டியிருக்கிறார்கள், நானும் சேர்த்து. அதனால் அந்த நட்டைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்லப் போகிறேன்.

அதற்கு முன் ஒன்று. மாற்றும்வரை காரை எடுக்காதீர்கள். இன்றைய கார்களில் பிரேக் இரண்டு தனித்தனி வழிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் முன் இரண்டும் ஒரு வழி, பின் இரண்டும் ஒரு வழி. சிலவற்றில் குறுக்காக, முன் இடதும் பின் வலதும் ஒன்று. ஒரு வழி காலியானாலும் மற்றது பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் பெடல் திடீரென்று பாதிக்குமேல் இறங்கும், நிற்க வேண்டிய தூரம் எக்கச்சக்கமாகக் கூடும். அந்த அனுபவம் நெரிசலில் முன்னால் ஒரு லாரி நிற்கும்போது கிடைக்க வேண்டாம்.

கசிவது பிரேக் ஆயில்தானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பின் சக்கரத்தால் ஓடும் கார் என்றால் ஆக்ஸில் ஆயில் சீல் போனாலும் இதே இடம்தான் நனையும். விரலில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். பிரேக் ஆயில் நீர்த்து, வழவழவென்று இருக்கும், தண்ணீர் விட்டுக் கழுவினால் போய்விடும். கியர் ஆயில் கெட்டியாக, கந்தக நாற்றத்தோடு இருக்கும், தண்ணீருக்கு அசையாது. வந்தது கியர் ஆயில் என்றால் உங்கள் வேலையே வேறு. பிரேக் ஆயில்தான் என்றால், டிரம்மைக் கழற்றிய பிறகு சிலிண்டரின் இரு முனைகளிலும் உள்ள தூசி ரப்பரை மெதுவாக விலக்கிப் பாருங்கள். உள்ளே லேசான ஈரப்பசை மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம், பழைய சிலிண்டர்களில் அது சகஜம். சொட்டாக வழிந்தால் கதை முடிந்தது.

ஏன் கசிகிறது? சிலிண்டருக்குள் எதிரெதிராக இரண்டு பிஸ்டன்கள், ஒவ்வொன்றின் உட்புறமும் ஒரு ரப்பர் கப், நடுவில் ஒரு ஸ்பிரிங். பெடலை மிதித்தால் ஆயில் நடுவில் வந்து இரண்டு கப்பையும் வெளியே தள்ளும், பிஸ்டன்கள் இரண்டு ஷூவையும் (டிரம்மின் உட்பக்கத்தில் உரசிச் சக்கரத்தை நிறுத்தும் வளைந்த கட்டைகள்) விரிக்கும். பிரேக் ஆயிலுக்கு ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. வருடக்கணக்கில் மாற்றாமல் விட்டால் அந்த ஈரம் சிலிண்டரின் அடிப்பக்கச் சுவரில் துரு பிடிக்க வைத்துச் சின்னச் சின்னக் குழிகளை உண்டாக்கும். கப் அந்தக் குழியின்மேல் போய்வர, அதன் விளிம்பு கிழியும்.

இதில் பலரையும் குழப்பும் ஒரு விஷயம் இருக்கிறது. “புது ஷூ போட்டேன், அடுத்த வாரமே சிலிண்டர் லீக் ஆகிவிட்டது, மெக்கானிக் என்னமோ செய்துவிட்டார்” என்பார்கள். பெரும்பாலும் மெக்கானிக்கின் மேல் தப்பு இருக்காது. ஷூ தேயத் தேய பிஸ்டன் வெளிப்பக்கமாக நகர்ந்து, அங்கேயே வேலை செய்து பழகியிருக்கும். நடுப்பகுதி பல வருடம் யாரும் போகாத இடமாகக் கிடந்து துருவும் பிசுக்கும் ஏறியிருக்கும். தடித்த புது ஷூ வந்ததும் பிஸ்டன் மறுபடி அந்தப் பாழடைந்த இடத்துக்குத் தள்ளப்படுகிறது. கப் கிழியாமல் என்ன செய்யும்? எனக்கு இது புரிந்ததிலிருந்து பழைய காருக்கு ஷூ மாற்றும்போது சிலிண்டரையும் சேர்த்தே மாற்றிவிடுகிறேன்.

ரப்பர் கிட் மட்டும் போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். சுவர் கண்ணாடி மாதிரி இருந்தால் போதும். ஆனால் அது அப்படி இருந்திருந்தால் பெரும்பாலும் கசிந்தே இருக்காது. குழி விழுந்த சுவரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புது கப் போடுவது சில மாதத்துக்குத்தான் தாங்கும். அலுமினிய சிலிண்டர் என்றால் தேய்க்கவே கூடாது, மேலே உள்ள காப்புப் பூச்சு போய்விடும். முழு சிலிண்டரே கிடைக்கிறபோது நான் கிட் பக்கம் போவதில்லை.

ஒரு பக்கம் போதுமா என்ற கேள்விக்கு என் பதில்: இரண்டு பக்கமும் மாற்றுங்கள். இரண்டும் ஒரே வயது, ஒரே ஆயிலைக் குடித்தவை. மற்றது பின்தொடர அதிக நாள் ஆகாது. சிலிண்டரையாவது ஒன்று மட்டும் மாற்றித் தப்பிக்கலாம், ஆயிலில் நனைந்த ஷூவில் அந்தச் சலுகை இல்லை. ஷூவை எப்போதும் இரு பக்கமும் ஒரே செட்டாகத்தான் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சக்கரம் கடித்துப் பிடிக்கும், மற்றது வழுக்கும். நனைந்த ஷூவைப் பெட்ரோலில் கழுவுவது, நெருப்பில் காட்டி ஆயிலை எரிப்பது என்றெல்லாம் சிலர் செய்வார்கள். ஷூவின் மேல் உள்ள உரசும் பட்டையான லைனிங் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்திருக்கும். சூடாகும்போது மறுபடி வெளியே கக்கும். தூக்கிப் போடுங்கள்.

வாங்கும்போது உள்விட்டத்தைப் பார்த்து வாங்குங்கள். ஒரே மாடல் காருக்கு வெவ்வேறு வருடத்தில் வெவ்வேறு அளவு வந்திருக்கலாம். வெளித் தோற்றம் ஒன்றாகவே இருக்கும், போல்ட்டும் பொருந்திவிடும். பழைய சிலிண்டரின் உடலில் பெரும்பாலும் அளவு வார்த்திருப்பார்கள். 17.46 மி.மீ. இருந்த இடத்தில் 19.05 மி.மீ. போட்டால் என்ன, வெறும் ஒன்றரை மி.மீ. தானே என்று தோன்றும். ஆனால் தள்ளும் விசை பரப்பளவைப் பொறுத்தது, அதாவது விட்டத்தின் வர்க்கத்தை. கணக்குப் போட்டுப் பாருங்கள், அதே பெடல் அழுத்தத்துக்குப் பின் பிரேக் ஏறக்குறைய 19 சதவீதம் கூடுதலாகத் தள்ளும். ஈரச் சாலையில் பின் சக்கரம் முன்னதைவிட முதலில் பூட்டிக்கொண்டால் வண்டியின் பின்புறம் முன்னால் வரப் பார்க்கும். சில கார்களில் பின் பிரேக் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு சிலிண்டருக்குள்ளேயே இருக்கும், அதற்கு அதே வகைதான் வேண்டும். இன்னொன்று, சில சிலிண்டர்களில் இடது வலது உண்டு. காற்றை வெளியேற்றும் பிளீடர் நிப்பிள் மேலே வருகிறதா என்று கடையிலேயே கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

ஆயில் எது என்பது மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளுவது) டப்பாவின் மூடியிலேயே எழுதியிருக்கும். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் ஒரே குடும்பம். புதிதாக இருக்கும்போது டாட் 3-க்குக் குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி, டாட் 4-க்கு 230. ஈரம் ஏறிய பிறகு அவை 140, 155 என்று இறங்கிவிடும். டாட் 5 என்று மொட்டையாக எழுதியிருப்பது சிலிகான், இந்தக் குடும்பத்தில் சேராது, கலக்கக் கூடாது. புட்டியைத் திறந்து வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்து எடுத்து ஊற்றாதீர்கள். பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், துணியால் மட்டும் துடைத்தால் பெயின்டும் சேர்ந்து வரும்.

கருவிகளில் ஒன்றே ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: ஃப்ளேர் நட் ஸ்பேனர். ரிங் ஸ்பேனர் மாதிரியே இருக்கும், பைப் உள்ளே நுழைய ஒரு பக்கம் மட்டும் வெட்டு விட்டிருக்கும். நட்டின் ஐந்து பக்கத்தைப் பிடிக்கும். சாதாரண ஓப்பன் ஸ்பேனர் இரண்டு பக்கத்தை மட்டும்தான் பிடிக்கும், வாயும் விரிந்துகொடுக்கும். பிரேக் பைப் நட்டு மிருதுவான உலோகம். பெரும்பாலான கார்களில் 10 அல்லது 11 மி.மீ. தலைதான். மூலை ஒருமுறை மழுங்கினால் அவ்வளவுதான்.

என் முதல் முயற்சியைச் சொல்லிவிடுகிறேன். டிரம்மைக் கழற்றினேன், ஷூவைக் கழற்றினேன், ஸ்பிரிங் எல்லாம் ஒரு துணியில் வரிசையாக அடுக்கினேன், பெருமையாகப் படம்கூட எடுத்தேன். அப்புறம் பின்னால் குனிந்து பைப் நட்டில் ஓப்பன் ஸ்பேனரைப் போட்டேன். நழுவியது. இன்னும் பலமாகப் போட்டேன், மூலை உருண்டது. வைஸ் கிரிப் போட்டு ஆத்திரத்தோடு திருப்பினேன், நட்டு அழகாகச் சுற்றியது. சந்தோஷப்பட்டுக் கீழே பார்த்தால், நட்டோடு பைப்பும் சேர்ந்து கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருக்கிறது. புது பைப் வரும்வரை கார் நான்கு நாள் ஸ்டாண்டிலேயே தவம் கிடந்தது.

அதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட ஒழுங்கு: டிரம்மைத் தொடும் முன்பே பைப் நட்டையும் பிளீடரையும் அசைத்துப் பார்த்துவிட வேண்டும். இரண்டும் பின்தட்டின் (சிலிண்டரும் ஷூவும் பொருந்தியிருக்கும் தகடு) பின்பக்கம் வெளியிலேயே இருக்கின்றன, டயரைக் கழற்றினாலே எட்டும். அவை அசைந்தால் வேலை உங்களுடையது. அசையாவிட்டால் எதையும் பிரிக்காமல் டயரை மாட்டிவிட்டு, பைப்புக்கும் ஏற்பாடு செய்துகொண்டு பிறகு ஆரம்பிக்கலாம். அல்லது காரை இழுத்துக்கொண்டுபோய்த் தெரிந்த கையில் கொடுக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

முதல் நாள் இரவே கம்பி பிரஷ்ஷால் நட்டைச் சுற்றியுள்ள மண்ணையும் துருவையும் தேய்த்து எடுங்கள். நட்டுக்குள் பைப் நுழையும் இடத்தில் துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். காலையில் இன்னொரு தடவை. ஃப்ளேர் ஸ்பேனரை முழுதாக உட்கார வைத்து, முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு சின்னத் தட்டு, அப்புறம் கழற்றும் பக்கமாக. விரல் நுனியை பைப்பின் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். நட்டு “டக்” என்று விடும்போது பைப் அசையாமல் இருந்தால் நல்ல சகுனம். பைப்பும் சேர்ந்து திரும்பினால் உடனே நிறுத்துங்கள். எண்ணெய் விட்டு, முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டி, பைப்பிலிருந்து நட்டைப் பிரிக்கப் பாருங்கள். அது பிடிவாதம் பிடித்தால், பைப்பில் கொஞ்சம் தளர்வு இருக்கும் பட்சத்தில், கடைசியில் சிலிண்டரின் போல்ட்டுகளைக் கழற்றி நட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு சிலிண்டரையே சுற்றிக் கழற்றுவது ஒரு தந்திரம். நெருப்புக் காட்ட வேண்டாம், அங்கே இருப்பது எரியக்கூடிய ஆயில். நட்டு விட்டுவிட்டதா? மறுபடி மெதுவாக இறுக்கி வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

பைப் உடைந்தே போனால் முழு நீளத்துக்கு மாற்றுங்கள். நடுவில் வெட்டி கம்ப்ரெஷன் ஜாயின்ட் போட்டு ஒட்டுவது தண்ணீர்க் குழாய்க்கு ஆகும், பிரேக்குக்கு ஆகாது. புது பைப்பின் நுனி விரிவும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். குமிழ் மாதிரி முடிவதும், இரட்டையாக மடித்து உட்பக்கம் கூம்பாக இருப்பதும் வேறு வேறு ரகம், ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது.

தூக்குவது பற்றிச் சுருக்கமாக. சமதளம். முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் முட்டுக்கட்டை. ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட வேண்டியிருப்பதால் இந்தக் கட்டைதான் காரைப் பிடித்திருக்கிறது, செங்கல் வைத்து ஒப்பேற்றாதீர்கள். டயர் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே இளக்கிவிட்டு ஜாக்கி போடுங்கள். பிறகு ஸ்டாண்ட் வைத்து, காரைக் கையால் ஒரு தள்ளு தள்ளி, ஆடவில்லை என்று தெரிந்த பிறகுதான் கை உள்ளே போக வேண்டும்.

டிரம் சிலருக்கு ஒரே இழுப்பில் வரும், சிலருக்கு அரை மணி நேரம் எடுக்கும். டிரம்மின் முகத்தில் மரை போட்ட இரண்டு ஓட்டைகள் இருந்தால் அவை அதற்காகவே வைத்தவை. பொருத்தமான போல்ட்டுகளைப் போட்டு மாற்றி மாற்றி இறுக்கினால் டிரம் தானே வெளியே தள்ளிக்கொண்டு வரும். இல்லாவிட்டால் ஸ்டட்டுகளுக்கு இடையில் சுத்தியலால் தட்டுங்கள், விளிம்பில் தட்டினால் உடையும். கொஞ்சம் வந்து நின்றுவிட்டால், டிரம்மின் உள்விளிம்பில் தேயாத ஒரு கரை உருவாகி அதில் ஷூ மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பின்தட்டின் ரப்பர் மூடியை எடுத்து, ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரை ஸ்க்ரூடிரைவரால் பின்னுக்குச் சுற்றுங்கள். சில சின்னக் கார்களில் டிரம்மும் பேரிங்கும் ஒன்றாகவே இருக்கும், நடுவில் பெரிய நட்டைக் கழற்ற வேண்டும். அதை மறுபடி எவ்வளவு இறுக்குவது என்பதை அந்தக் காரின் சர்வீஸ் கையேட்டில் பார்த்தே செய்யுங்கள். அந்த நட்டைப் புதிதாகப் போடுவதுதான் முறை.

உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள், காற்றடிக்கவும் வேண்டாம். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கிறது, இல்லாத தூசியும் நுரையீரலுக்கு நல்லதல்ல. பிரேக் கிளீனரோ சோப்புத் தண்ணீரோ விட்டு நனைத்துத் துடைத்தெடுங்கள்.

இப்போது நின்று படம் எடுங்கள். எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில், எது முன்னால் எது பின்னால், கொக்கி உள்ளிருந்து வருகிறதா வெளியிலிருந்தா என்பது தெரியும்படி. ஒரு பக்கத்தை முடித்துவிட்டுத்தான் மறுபக்கத்தைப் பிரிக்க வேண்டும், சந்தேகம் வந்தால் எட்டிப் பார்க்க ஒரு மாதிரி இருக்கும். இடது வலது கண்ணாடி பிம்பம் மாதிரி மாறியிருக்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். அட்ஜஸ்டரின் மரையும் ஒரு பக்கம் வலச்சுற்று, மறுபக்கம் இடச்சுற்று. இரண்டையும் கழற்றி ஒரே டப்பாவில் போட்டு மாற்றி மாட்டினால், தானாக இறுக வேண்டியது தானாக இளகிக்கொண்டே போகும். இரண்டு ஷூவில் ஒன்றின் லைனிங் குட்டையாக இருந்தால் பொதுவாக அது முன்பக்கத்துக்கு.

பைப்பைக் கழற்றினால் டப்பா முழுவதும் தரைக்கு வந்துவிடுமே என்ற கவலை வரும். அதற்கு நான் செய்வது: பிரேக் பெடலை லேசாக, ஓரிரண்டு அங்குலம் அழுத்தி, சீட்டுக்கும் பெடலுக்கும் இடையில் ஒரு கம்பைக் கொடுத்து நிறுத்திவிடுவேன். அந்த நிலையில் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் டப்பாவிலிருந்து ஆயில் இறங்கும் துளையைத் தாண்டியிருக்கும், சொட்டு நின்றுவிடும். இதை டிரம் மாட்டியிருக்கும்போதே செய்துவிடுங்கள். டிரம் இல்லாதபோது பெடலை மிதித்தால் பிஸ்டன் வெளியே துள்ளி விழும். பிரேக் லைட் எரிந்துகொண்டே இருக்கும் என்பதால் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி வையுங்கள். முதல் முறை நான் அதை மறந்து, பிரேக் சரியாகி வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நின்றேன். பைப்பின் நுனிக்கு ஒரு சின்ன ரப்பர் மூடி போட்டால் மிச்சச் சொட்டும் நிற்கும், தூசியும் போகாது.

பழையதைக் கழற்றிய பிறகு பின்தட்டில் சிலிண்டர் உட்காரும் இடத்தைச் சுத்தமாகத் துடையுங்கள். புதியதை வைக்கும்போது வரிசை முக்கியம். முதலில் பைப் நட்டைக் கையாலேயே, விரலால், மூன்று நான்கு சுற்று ஏற்றுங்கள். சிலிண்டர் அப்போது இளக்கமாக ஆடிக்கொண்டிருக்க வேண்டும். போல்ட்டை முதலில் இறுக்கிவிட்டால் பைப்பும் ஓட்டையும் அரை மி.மீ. கோணலாக நிற்கும், ஸ்பேனர் போட்டு ஏற்றும்போது மரை குறுக்காகப் போகும். புது சிலிண்டரின் மரை கெட்டால் அதையும் தூக்கிப் போட வேண்டியதுதான். விரலுக்கு வழவழவென்று ஏறினால், பிறகு போல்ட்டுகள், கடைசியில் நட்டு. போல்ட்டும் நட்டும் சின்னவை, 10 முதல் 18 நியூட்டன் மீட்டருக்குள்தான் பல கார்களில் கேட்கும். உங்கள் காருக்கான எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். முஷ்டி பலம் காட்டும் இடம் இது இல்லை.

ரப்பர் பக்கத்தில் கிரீஸ், எஞ்சின் ஆயில், துரு இளக்கும் எண்ணெய் எதுவும் போகக் கூடாது. பிரேக் ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப் பெருத்துவிடும். பின்தட்டில் ஷூ உரசும் ஆறு மேடுகளில் மட்டும் பிரேக்குக்கான சூடு தாங்கும் கிரீஸை ஒரு சுண்டுவிரல் நுனி அளவு தடவுங்கள். கையைக் கழுவிவிட்டுத்தான் புது ஷூவைத் தொட வேண்டும்.

எல்லாம் மாட்டி, டிரம்மின் உட்பக்கத்தையும் கிளீனரால் துடைத்து மாட்டிய பிறகு அட்ஜஸ்ட் செய்யுங்கள். ஏர் எடுப்பதற்கு, அதாவது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றுவதற்கு, முன்பே இதைச் செய்ய வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமாக இருந்தால், ஏர் முழுதாகப் போன பிறகும் பெடல் ஆழமாகவே போகும். நீங்கள் ஏர் இருக்கிறது என்று நினைத்து ஒரு புட்டி ஆயிலைக் காலி செய்வீர்கள். டிரம்மைக் கையால் சுற்றும்போது லேசாக “ஸ்ஸ்” என்று உரசும் சத்தம் ஒரு சுற்றுக்கு வரட்டும், ஆனால் சுற்றுவது தடைபடக் கூடாது. ஹேண்ட் பிரேக் கேபிளைத் தொடுவதென்றால் இதற்கு அப்புறம்தான்.

இனி ஏர் எடுப்பது. இரண்டு பக்கமும் முடிந்து, இரண்டு டிரம்மும் மாட்டியாகிவிட்டதா என்று பார்த்துக்கொண்டு பெடலின் கம்பை எடுத்துவிடுங்கள். டப்பாவை நிரப்புங்கள், வேலை முடியும்வரை அது பாதிக்குக் கீழே இறங்கவே கூடாது. டப்பா காலியாகி ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால், சில கார்களில் ஸ்கேனர் இல்லாமல் எடுக்க முடியாது. பிளீடரில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூபை மாட்டி, மறுநுனியைப் புது ஆயில் கொஞ்சம் உள்ள புட்டியில் மூழ்க வையுங்கள். ஐந்து பத்து நிமிடம் பிளீடரைத் திறந்து விட்டாலே ஆயில் தானாக இறங்கிப் பெரும்பாலான காற்றைக் கொண்டுபோய்விடும். அதற்குள் கழற்றிய ஸ்பேனர்களைத் துடைத்து வைக்கலாம்.

அப்புறம் உதவிக்கு ஒருவரை பெடலில் உட்கார வையுங்கள். பேச்சை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். “அமுக்கு” என்றால் மெதுவாக அமுக்க வேண்டும். “பிடித்துக்கொண்டேன்” என்று அவர் சொன்ன பிறகே நீங்கள் பிளீடரைத் திறக்க வேண்டும். நீங்கள் மூடிவிட்டு “விடு” என்று சொன்ன பிறகுதான் அவர் காலை எடுக்க வேண்டும். வீட்டில் இந்த மூன்று சொல்லுக்காக நடந்த சண்டைகள் எனக்குத் தெரியும். திறந்திருக்கும்போது அவர் காலை எடுத்துவிட்டால் காற்று மறுபடி உள்ளே போகும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். பழைய மாஸ்டர் சிலிண்டர் என்றால் பெடல் தரையைத் தொடாதபடி அடியில் ஒரு மரத்துண்டு வையுங்கள். அடி ஆழம் வரை மிதித்தால், அது வழக்கமாகப் போகாத துருப்பகுதிக்குப் போய், மேலே சொன்ன அதே கதை மாஸ்டர் சிலிண்டரில் நடக்கும்.

டியூபில் குமிழி நின்று, தெளிந்த ஆயில் வந்தால் போதும். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பதைக் கையேட்டில் பாருங்கள், குறுக்கு வழி உள்ள கார்களில் வரிசை மாறும். பின் ஆக்ஸிலுக்கு மேல் எடைக்கேற்ப அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு உள்ள கார் என்றால், சக்கரம் தொங்கும் நிலையில் அது வழியைக் குறுக்கிவிடும். ஆயில் இழுவையாக வந்தால் ஸ்டாண்டை ஆக்ஸிலுக்கு அடியில் மாற்றி எடை விழச் செய்துவிட்டு எடுங்கள். பிளீடர் உள்ளே துளை உள்ள மெல்லிய திருகு, அதை இறுக்கும்போது மணிக்கட்டு பலம் மட்டும் போதும்.

சோதிக்கும் முறை இது. எஞ்சினை ஓடவிட்டு, பெடலை பலமாக மிதித்து ஒரு நிமிடம் பிடியுங்கள். மெதுவாகக் கீழே நழுவினால் எங்கோ போகிறது என்று அர்த்தம். நழுவாவிட்டால் இறங்கி, பைப் நட்டையும் பிளீடரையும் வெள்ளைத் தாளால் ஒற்றிப் பாருங்கள். ஈரமில்லை என்றால் டயரை மாட்டி, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் நடை வேகத்தில் சில முறை நிறுத்திப் பாருங்கள். பின்பு கொஞ்சம் வேகம் கூட்டி. புது ஷூ டிரம்மின் வளைவுக்குப் பழகும்வரை பிடிப்பு கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும், சில நாட்கள் கடும் பிரேக் போடாமல் ஓட்டுங்கள். ஒரு பக்கம் இழுத்தால் அட்ஜஸ்ட்மென்டை மறுபடி பாருங்கள். ஒரு வாரம் கழித்து டப்பாவின் அளவையும் பின் டயர்களின் உட்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய ஆயில் வழிந்த தடம் அங்கே இன்னும் இருக்கும், அதைப் பார்த்து மறுபடி கசிகிறது என்று பயந்துவிடக் கூடாது. அதனால் டயரை மாட்டும் முன்பே அந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவிவிடுங்கள்.